தண்ணீர் முடிவுகளில் உங்கள் பங்கு: யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது? சிங்கப்பூர்வாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தண்ணீர்க் கட்டணம் ஏறுகிறது. வாட்ஸ்அப் குழுவில் நாலு பேர் பொருமுகிறார்கள். ஒருவர் உட்கார்ந்து மூன்று பக்கக் கடிதம் எழுதுகிறார். இரண்டு வாரத்தில் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வருகிறது. அதோடு சரி.

அப்படிப் போகும் கடிதங்களில் பெரும்பாலும் விஷயம் தவறாக இருப்பதில்லை. போய்ச் சேர்ந்த இடம் தவறு, அல்லது போன நேரம் தவறு. அதனால்தான் இந்த வழிகாட்டியில் கடிதம் எழுதுவது ஏழாவது படியாக வருகிறது.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை

கடந்த 12 மாத எஸ்பி பில்கள் (தண்ணீர், மின்சாரக் கட்டணப் பில்கள்), கைப்பேசியில் ஒன்சர்வீஸ் செயலி, சிங்பாஸ், ஓர் அளவுகோல், தேதி போட்டுக் குறித்துவைக்க ஒரு நோட்டு. கடைசியில் சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து "எப்போதிலிருந்து?" என்று யாராவது கேட்டால் "ரொம்ப நாளாக" என்ற பதிலோடு நிற்க வேண்டியிருக்கும்.

1. குறையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

தண்ணீர் பற்றிய குறைகள் நான்கு வகை. குழாய், தொட்டி, வடிகால் போன்ற அன்றாடப் பழுது. கட்டணம். ஓர் இடத்தில் வரப்போகும் திட்டம். சட்டமும் கொள்கையும். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர் வேறு, பதில் வர ஆகும் காலமும் வேறு.

"தண்ணீர் பழுப்பாக வருகிறது, பில்லும் ஏறிவிட்டது, கால்வாயும் நாறுகிறது" என்று ஒரே கடிதத்தில் மூன்றையும் எழுதினால், எது சுலபமோ அதற்கு மட்டும் பதில் வரும். மற்ற இரண்டும் பதிலளிக்கப்பட்டவையாகவே கோப்பில் மூடப்படும். மூன்று குறை என்றால் மூன்று கடிதம்.

2. முடிவு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்

"தண்ணீர் என்றால் பியூபி" என்பது பாதி உண்மை. பியூபி எனப்படும் பொதுப் பயனீட்டுக் கழகம் 2001 முதல் நீர் விநியோகம், கழிவுநீர், மழைநீர் வடிகால் மூன்றையும் ஒரே குடையின்கீழ் பார்க்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து கடலோரப் பாதுகாப்பும் அதன் பொறுப்பு. ஆனால் அது நீடித்த நிலைத்தன்மை, சுற்றுப்புற அமைச்சின்கீழ் இயங்கும் கழகம். கொள்கையை அமைச்சு வகுக்கிறது, கழகம் நடத்துகிறது. உங்கள் கேள்வி "ஏன் இப்படி?" என்றால் அமைச்சு. "ஏன் இங்கே இன்னும் சரிசெய்யவில்லை?" என்றால் கழகம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பழுப்புத் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் திறந்து பாருங்கள். பிறகு மேல்மாடியில் ஒருவரிடமும் கீழ்மாடியில் ஒருவரிடமும் விசாரியுங்கள். பொதுவாகக் கீழ்மாடிகளுக்குத் தெருவின் பிரதானக் குழாயிலிருந்து நேரடியாகவும், மேல்மாடிகளுக்குக் கூரைத் தொட்டி வழியாகவும் தண்ணீர் வரும். உங்கள் வீட்டில் மட்டும் பழுப்பு என்றால் உங்கள் சொந்தக் குழாயில் கோளாறு. உரிமம் பெற்ற பிளம்பரை அழைக்க வேண்டும். மேல்மாடிகளில் மட்டும் என்றால் தொட்டி. அது நகர மன்றத்தின் பொறுப்பு. எல்லா மாடிகளிலும் என்றால் பொதுப் பயனீட்டுக் கழகம். பத்து நிமிட விசாரிப்பு இது. இதைச் செய்யாததால் மூன்று அலுவலகங்களுக்கிடையே வாரக்கணக்கில் பந்தாடப்படுகிறவர்கள் ஏராளம்.

கொண்டோமினியத்தில் இருப்பவர்களுக்குத் தொட்டியும் பம்பும் நிர்வாகக் குழுவின் பொறுப்பு. வடிகால் அடைப்பு யாருடையது என்று தெரியாவிட்டால் கவலை வேண்டாம்; ஒன்சர்வீஸ் செயலியில் இடத்தைக் குறித்துப் படம் அனுப்பினால் உரிய அமைப்புக்கு அதுவே போய்ச் சேரும்.

குடிமக்கள் கருத்துக்குத் திறக்காத கதவுகளும் உண்டு. ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்க வகைசெய்யும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. அது இரு அரசாங்கங்களுக்கு இடையிலான விவகாரம். கருத்துப் படிவத்தால் அசையாது. ஆனால் உள்ளூரில் எதை எங்கே கட்டுவது, எவ்வளவு சேமிப்பது, செலவை யார் எப்படிப் பகிர்வது என்பவை பேசக்கூடியவை. சக்தியை அங்கே செலவிடுங்கள்.

3. பில்லின் மூன்று கூறுகளையும் பிரித்துப் படியுங்கள்

கட்டணம் பற்றிப் பேசுவோரில் பாதிப் பேர் பில்லின் அடித்தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். தண்ணீர்ப் பகுதியில் மூன்று கூறுகள் இருக்கும். வாட்டர் டாரிஃப் என்பது தண்ணீரைத் திரட்டி, சுத்திகரித்து, வீடுவரை கொண்டுவரும் செலவு. வாட்டர்போர்ன் ஃபீ என்பது பயன்படுத்திய நீரைத் திரும்ப எடுத்துச் சுத்திகரிக்கும் செலவு. இவை இரண்டும் கழகத்துக்குப் போகின்றன. வாட்டர் கன்சர்வேஷன் டாக்ஸ் என்பது வரி; அது அரசாங்கத்துக்குப் போகிறது.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம்? "செலவு ஏன் கூடியது?" என்ற கேள்வியை முதல் இரண்டு கூறுகளைப் பற்றிக் கேட்கலாம். வரியைப் பற்றி அப்படிக் கேட்டால் அர்த்தமில்லை. அது சிக்கனத்துக்காகப் போடப்பட்டது. அதன் விகிதம் நியாயமா என்று கேட்க வேண்டும், அதை அமைச்சிடம் கேட்க வேண்டும்.

எண்களையும் சரிபாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல், மாதம் 40 கன மீட்டர் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு மூன்றும் சேர்ந்து கன மீட்டருக்கு 3.24 வெள்ளி, பொருள் சேவை வரி நீங்கலாக. ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 140 லிட்டரைச் சற்று தாண்டிப் பயன்படுத்துகிறார். கணக்குக்கு 140 என்றே வைத்தால், நால்வர் குடும்பத்துக்கு மாதம் 16.8 கன மீட்டர், ஏறத்தாழ 54 வெள்ளி 43 காசு.

புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது: "பெரிய குடும்பங்கள் 40 கன மீட்டர் வரம்பைத் தாண்டித் தண்டிக்கப்படுகின்றன" என்று எழுதுவார்கள். வரம்பைத் தாண்டினால் வரி டாரிஃபில் 50 விழுக்காட்டிலிருந்து 65 விழுக்காடாகக் கூடுவது உண்மைதான். ஆனால் சராசரிப் பயன்பாட்டில் ஒன்பது பேர் இருந்தாலும் 37.8 கன மீட்டர்தான் வரும்; பத்தாவது ஆள் சேர்ந்தால்தான் 42. அதிகாரி இந்தக் கணக்கை அரை நிமிடத்தில் போட்டுவிடுவார். உங்கள் கடிதத்தின் மற்ற நியாயங்களும் அதோடு அடிபட்டுப்போகும்.

வலுவான வாதம் வேறு இடத்தில் இருக்கிறது. பில்லைக் குறைக்க அரசாங்கம் வீவக வீடுகளுக்குத் தரும் யு-சேவ் கழிவு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் வருகிறது; அது வீட்டு வகையைப் பொறுத்து அமைகிறது. ஒரே வகை வீட்டில் இருவர் வாழலாம், தாத்தா பாட்டியோடு ஏழு பேரும் வாழலாம். தலைக்கு எவ்வளவு கழிவு கிடைக்கிறது என்று இரண்டு வீட்டுப் பில்லையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், அது பதில் சொல்லியாக வேண்டிய கேள்வியாகிறது.

4. முடிவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கண்டறியுங்கள்

கட்டண உயர்வு 2023 செப்டம்பர் 27 அன்று அறிவிக்கப்பட்டது. முதல் கட்டமாக 2024 ஏப்ரல் 1இல் கன மீட்டருக்கு 20 காசும், இரண்டாம் கட்டமாக 2025 ஏப்ரல் 1இல் 30 காசும் கூடின. அறிவிப்புக்குப் பிறகு "ஏற்றாதீர்கள்" என்று எழுதியவர்கள் முடிந்த முடிவோடு மல்லுக்கட்டினார்கள். அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையே உள்ள ஆறு மாதத்தில் பேசக்கூடியது நிவாரணம்: யாருக்கு, எவ்வளவு, எந்த வடிவில். 2017 வரவு செலவுத் திட்டத்தில் 30 விழுக்காட்டுக் கட்டண உயர்வை அறிவித்தபோதுகூட யு-சேவ் தொகையும் சேர்த்தே உயர்த்தப்பட்டது.

ஆண்டு நாட்காட்டியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வரவு செலவுத் திட்டம் வழக்கமாகப் பிப்ரவரியில் வரும். அதற்கு முந்திய வாரங்களில் நிதி அமைச்சும், அரசாங்கத்தின் கருத்துக் கேட்புப் பிரிவான ரீச் அமைப்பும் பொதுமக்கள் கருத்தைத் திரட்டும். திட்டம் அறிவிக்கப்பட்டதும் ஒவ்வோர் அமைச்சின் செலவையும் நாடாளுமன்றம் தனித்தனியாக விவாதிக்கும். பணம் சம்பந்தப்பட்ட கோரிக்கைக்குப் பொருத்தமான மாதம் டிசம்பர். மார்ச்சில் அனுப்பினால் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

திட்டங்களுக்குப் படிநிலை வேறு: ஆய்வு, வரைவு, ஏலக்குத்தகை, கட்டுமானம். ஆய்வுக் கட்டத்தில் இடத்தையே மாற்றலாம். வரைவில் வடிவத்தை மாற்றலாம். ஏலக்குத்தகை விட்டபின் வேலை நேரத்தையும் தூசித் தடுப்பையும் பற்றித்தான் பேச முடியும். கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் ஏறத்தாழ 800 ஹெக்டர் நிலமீட்பும் ஒரு நீர்த்தேக்கமும் அடங்கிய லாங் ஐலண்ட் 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, பல ஆண்டு ஆய்வில் இருக்கும் திட்டம். அங்கே மீன்பிடிப்பவர்களும் காலை நடைக்குப் போகிறவர்களும் சொல்ல வேண்டியதைச் சொல்லும் நேரம் ஆய்வு நடக்கும் காலம்தான்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியாகும்வரை காத்திருப்பது இன்னொரு தவறு. கருத்துச் சொல்லக் கிடைப்பது சில வாரங்கள். அறிக்கையோ நூற்றுக்கணக்கான பக்கம். வெளிவந்தால் முதலில் மாற்று இடங்களை ஒப்பிடும் பகுதியையும், பாதிப்பைக் குறைக்கும் நடவடிக்கைகளின் அட்டவணையையும் படியுங்கள். மற்றது பிறகு.

5. ஆதாரம் திரட்டுங்கள்

சிங்கப்பூரில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கிடையாது. கோப்பைக் கேட்டு வாங்க முடியாது. ஆகவே இரண்டு மூலங்கள்: ஏற்கெனவே பொதுவில் இருப்பவை, நீங்களே அளந்தவை. நாடாளுமன்ற உரைப்பதிவும், எழுத்துமூலப் பதில்களும், தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் கேள்விக்கு ஏற்கெனவே பதில் வந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். வந்திருந்தால், அந்தப் பதிலைத் தேதியோடு குறிப்பிட்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள்; எடுத்த எடுப்பிலேயே மரியாதை கூடும்.

பில்லை ஆதாரமாக வைப்பவர்கள் கவனிக்க: பழைய மீட்டர் உள்ள வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் அளவெடுப்பார்கள். இடைப்பட்ட மாதம், நீங்களே அளவு அனுப்பாவிட்டால், கணிப்பு. "ஒரே மாதத்தில் இரண்டு மடங்கு" என்ற புகார்கள் பலவற்றில் முந்திய மாதக் கணிப்பு குறைவாக இருந்து அடுத்த மாதம் ஈடுகட்டப்பட்டிருக்கும். இரண்டு மாதங்களைச் சேர்த்துச் சராசரி பாருங்கள். கசிவு இல்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள்: எல்லாக் குழாய்களையும் மூடி, மீட்டர் எண்ணைப் படமெடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். கடைசி இலக்கம் நகர்ந்திருந்தால் பெரும்பாலும் கழிவறைத் தொட்டிதான் குற்றவாளி.

வெள்ளம் என்றால் நான்கு விவரம் வேண்டும்: இடம், நேரம், ஆழம், வடிய எடுத்த நேரம். இடத்துக்கு அருகிலுள்ள விளக்குக்கம்பத்தின் எண்ணைக் குறியுங்கள். "காப்பிக்கடை பக்கத்தில்" என்று எழுதினால் எந்தக் காப்பிக்கடை? ஆழத்துக்கு அளவுகோலை நடைபாதை ஓரக்கல்லில் நிறுத்திப் படமெடுங்கள். அன்று கடல் ஏற்றம் எந்த நேரத்தில் இருந்தது என்பதையும் சேர்த்தால் பொறியாளருக்குப் பாதி வேலை மிச்சம். கனமழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வரும்போது தாழ்வான இடங்களில் கால்வாய்நீர் வெளியேறத் திணறும்.

6. இன்னும் யார் பேசவில்லை என்று பாருங்கள்

நியாயம் என்பது உங்களுக்குக் கிடைப்பது மட்டுமல்ல என்பதால் இந்தப் படி. நடைமுறையிலும் இதற்குப் பலன் உண்டு. ஐந்து பேர் ஒரே குறையைச் சொன்னால் ஐந்து புகார். வெவ்வேறு நிலையில் உள்ள ஐவர் சொன்னால் ஒரு போக்கு.

அந்தத் தெருவில் வாடகைக்கு இருப்பவர், தரைத்தளக் கடைக்காரர், தனியாக வாழும் மூதாட்டி, இரவு வேலை செய்பவர் நால்வரையும் கேளுங்கள். உணவுக்கடைகளுக்கு யு-சேவ் கிடையாது. கட்டணம் ஏறினால் தாங்க மெத்தை இல்லை. நிரந்தரவாசிகள் மட்டுமே உள்ள வீட்டுக்கும் அப்படித்தான். தங்கும் விடுதியில் இருக்கும் நம் ஊழியர்களின் கைக்குத் தண்ணீர்ப் பில்லே வருவதில்லை. குளியலறையில் நீரழுத்தம் இல்லையென்றால் அவர்கள் முதலில் விடுதி நடத்துநரிடமும், சரியாகாவிட்டால் மனிதவள அமைச்சிடமும் சொல்ல வேண்டும். அவர்கள் பெயரில் நீங்கள் எழுதுவதாக இருந்தால் சம்மதம் கேட்டுவிட்டு, அறை எண், பெயர் எதுவும் இல்லாமல் எழுதுங்கள்.

வெள்ளத்தில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வழக்கையும் மறக்கக் கூடாது. மேட்டில் புதிதாகச் சிமெண்டுத் தரை போட்டால் பள்ளத்தில் உள்ளவர் கடையில் தண்ணீர் ஏறும். 2014 முதல் 0.2 ஹெக்டரும் அதற்கு மேலும் உள்ள புதிய கட்டுமானங்கள் தங்கள் நிலத்திலேயே மழைநீரின் வேகத்தைக் குறைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற விதி இருக்கிறது. "கால்வாயை அகலப்படுத்துங்கள்" என்பதோடு நிற்காமல் "மேல்பக்கத்துக் கட்டுமானம் இந்த விதிக்கு உட்பட்டதா?" என்றும் கேளுங்கள்.

7. கடிதம் எழுதுங்கள்: ஒரு பக்கம், ஒரு கோரிக்கை

பலர் எழுதுவது இப்படி இருக்கும்: "எங்கள் பகுதியில் மழை வந்தாலே வெள்ளம். வரி கட்டுகிறோம், யாரும் கண்டுகொள்வதில்லை. உடனடி நடவடிக்கை தேவை." இதில் அதிகாரி செய்யக்கூடியது எதுவும் இல்லை. இதையே இப்படி எழுதலாம்:

"விளக்குக்கம்பம் 14க்கும் 16க்கும் இடையே, கடைகளுக்கு முன்னுள்ள நடைபாதையில் மார்ச் முதல் ஜூன் வரை நான்கு முறை தண்ணீர் தேங்கியது. தேதி, நேரம், ஆழம், படங்கள் இணைப்பில் உள்ளன. மழை நின்று 40 நிமிடம் கழித்தும் வடியவில்லை. ஏழு கடைகள் பாதிக்கப்பட்டன. இந்த வடிகாலை மேம்படுத்தும் திட்டம் உள்ளதா, உள்ளதென்றால் எந்த ஆண்டில், இல்லையென்றால் என்ன காரணம் என்று தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். "ஆம்" என்றாலும் "இல்லை" என்றாலும் அதற்கு ஒரு தகவல் வந்தாக வேண்டும். அதுதான் நல்ல கோரிக்கையின் அடையாளம்.

தமிழில் எழுதுங்கள், ஆங்கிலப் படி ஒன்றையும் இணையுங்கள். மொழிபெயர்ப்புக்காகக் கோப்பு சுற்றுவது குறையும். தமிழ் பேசுவோர் இந்தக் குறையை எழுப்பினார்கள் என்பதும் பதிவாகும்.

8. அனுப்பும் வரிசை

முதலில் பொறுப்பான அமைப்பு. அங்கே கிடைக்கும் புகார் எண்ணை நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்து நகர மன்றம், அதன் எல்லைக்குள் வருவதாக இருந்தால். அதற்குப் பிறகே நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு. நேராக அங்கே போனால், அவர் எழுதும் கடிதமும் முதல் படிக்கே போய் நிற்கும். உங்களுக்கு ஒரு வாரம் வீண்.

மக்கள் சந்திப்புக்கு அடையாள அட்டை, பில்கள், புகார் எண், ஒரு பக்கக் கடிதம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். தொண்டூழியர் ஒருவர் உங்களிடம் கேட்டுக் கடிதத்தைத் தட்டெழுதுவார். அது அனுப்பப்படுமுன் படித்துப் பாருங்கள். "கட்டணத்தைக் குறைக்க வேண்டுகிறார்" என்று சுருங்கிப்போயிருந்தால் திருத்தச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். அண்ணன் தங்கச்சி என்று பழகியவராக இருந்தாலும் எழுத்தில் உள்ளதுதான் செல்லும்.

தனிப்பட்ட சிக்கலுக்கு உறுப்பினரின் கடிதம் போதும். கொள்கை பற்றியது என்றால் வேறொன்றைக் கேளுங்கள்: நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி. வாய்மொழிக் கேள்விக்கு ஏழு முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். எழுத்துமூலப் பதிலாகவும் கேட்கலாம். கேள்வியை நீங்களே இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள். உதாரணமாக: "கடந்த மூன்று ஆண்டுகளில், ஐவருக்கு மேல் வசிக்கும் வீவக வீடுகளில் தண்ணீர்க் கட்டணம் யு-சேவ் கழிவை மிஞ்சியவை எத்தனை விழுக்காடு?" இதற்கு வரும் எண் எல்லாருக்கும் பொதுவில் பதிவாகும். தகவல் சட்டம் இல்லாத இடத்தில் இதைவிடக் கூர்மையான கருவி கிடையாது. நாடாளுமன்ற மனு என்ற வழியும் உண்டு, ஆனால் அதையும் உறுப்பினர் ஒருவர்தான் சமர்ப்பிக்க வேண்டும். இணையத்தில் கையெழுத்துத் திரட்டுவது வேறு, அது வேறு.

எச்சரிக்கை ஒன்று. பொது இடத்தில் தனியாளாகப் பதாகை பிடித்து நின்றாலும் பொது ஒழுங்குச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் சிங்கப்பூர்க் குடிமக்கள் தேசியப் பூங்காக் கழகத்திடம் பதிவுசெய்து பேசலாம். வேலை அனுமதியில் இருப்பவர்களை எக்காரணத்தைக் கொண்டும் கூட்டிப் போகாதீர்கள். விளைவு அவர்கள் தலையில் விடியும்.

9. கலந்துரையாடலில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

சமூக மன்றத்திலோ இணையத்திலோ நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். அதில் குறை சொல்லத் தொடங்கினால் நேரம் போய்விடும். இதைக் கேளுங்கள்: "இந்தத் திட்டத்தில் இன்னும் முடிவாகாதவை எவை?" பதிலைக் கேட்டவுடன் அந்தக் கூட்டம் கருத்துக் கேட்கிறதா, தகவல் சொல்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டும் தேவைதான். ஆனால் தகவல் சொல்லும் கூட்டத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது வீண்.

கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும் என்று தெரிந்தால், பதிவுசெய்யும்போதே தமிழ் விளக்கம் வேண்டும் என்று கேளுங்கள். அன்று மாலை வந்து கேட்டால் ஆள் கிடைக்காது.

10. பதில் வந்தபின்

"கவனத்தில் கொண்டுள்ளோம்" என்ற பதில் வந்தால், நன்றி சொல்லி, அதே புகார் எண்ணின்கீழ் இரண்டு கேள்வி அனுப்புங்கள்: எந்தப் பிரிவு இதைப் பார்க்கிறது, எப்போது மறுபடி கேட்கலாம். புதிய மின்னஞ்சலாகத் தொடங்காதீர்கள். புது எண் விழுந்து பழைய வரலாறு அறுந்துபோகும்.

மறுப்பு வந்தால் காரணத்தைப் பாருங்கள். "செலவு அதிகம்" என்றால் அது அமைச்சின் பக்கம் போக வேண்டிய கேள்வி. "தரவு போதாது" என்றால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். "எங்கள் பொறுப்பு அல்ல" என்றால் யாருடையது என்று எழுத்தில் கேட்டு வாங்கி, அந்தப் பதிலையே அடுத்த அமைப்புக்கான கடிதத்தோடு முதல் இணைப்பாக வையுங்கள். அடுத்த பருவமழை நவம்பர், டிசம்பரில் வலுக்கும். அளவுகோலும் நோட்டும் அதற்குள் தயாராக இருக்கட்டும்.